பணம் இருந்தும் டிக்கெட் இல்லை

கொழும்புக்குப் போகிறவர்கள் ஒரு காலத்தில் திண்டுக்கல் வழியாகத்தான் போனார்கள். 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே தண்டவாளம் தூத்துக்குடியைத் தொட்டுவிட்டது. பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி பிறந்தது 1914-இல். அதுவரை சென்னையில் ரயிலேறியவர் எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே தூத்துக்குடி போய், அங்கே கப்பலேறினார். வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர் சனங்களுக்கு இலங்கை ஒரு தூர தேசமாகவே இருந்ததில்லை. மழை பொய்த்த வருசத்தில் போவார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றால் திரும்பி வருவார்கள்.

அப்போது டிக்கெட் வாங்க வேண்டியது காசு மட்டும்தான். இலங்கையிலும் ரூபாய்தான் புழங்கியது; 1872 முதல் இந்திய வெள்ளி ரூபாய்க்கு அங்கே சட்டச் செல்வாக்கு இருந்தது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி போட்டிக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் என்று கட்டணத்தை இறக்கியது. அதற்கும் மசியாத சனத்தைச் சும்மா ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது. அந்தச் சண்டையைத் தேச வரலாறாகப் படித்திருக்கிறோம். அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் டிக்கெட், சந்தையில் கத்தரிக்காய் வாங்குவது போல விலை பேசி வாங்கக்கூடிய பொருளாக இருந்த காலம் அது.

காசே இல்லாதவனுக்கும் ஒரு டிக்கெட் உண்டு. அது தகரத்தில் செய்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி, தோட்டத்தின் எண்ணைப் பொறித்த சிறு தகர வில்லையை ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டிவிடுவான். தட்டப்பாறை முகாமிலும், பின்னால் மண்டபம் முகாமிலும் அந்த வில்லையைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விட்டார்கள். ரயில், கப்பல், சோறு எல்லாவற்றின் செலவும் அந்த எண்ணுள்ள தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதைக் கூலிக்காரன் கடனில் ஏற்றும். கடன் தீராமல் ஆள் தோட்டம் மாறக் கூடாது என்பதற்குத் ‘துண்டு’ என்ற சீட்டு இருந்தது. 1921-இல் துண்டை ஒழித்தார்கள். கடன் ஒழிய வெகுநாள் ஆயிற்று.

நான் பேகம்பூர்க்காரன். திண்டுக்கல்லில் இருந்து பாசஞ்சர் ரயிலில் மதுரைக்குப் போய் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தவன். அம்பாத்துரை, கொடை ரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று அந்தப் பாதையின் நிறுத்தங்கள் மனப்பாடம். எங்கள் அத்தா தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். டிக்கெட் வாங்குவதைக் காசின் கையிலிருந்து எடுத்துக் காகிதத்தின் கையில் கொடுத்த காலத்தை வீட்டிலும் பார்த்தேன், கவுண்ட்டரிலும் பார்த்தேன். அதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அந்நியச் செலாவணி வரலாற்றை ரிசர்வ் வங்கியும் பொருளாதாரப் பேராசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள். அதில் டாலர் வரும், பவுண்டு வரும், கையிருப்பு வரும். கவுண்ட்டருக்கு வெளியே நின்ற ஆள் வரமாட்டார்.

உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பர் 3-ஆம் தேதியே இந்தியாவில் செலாவணிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. போர்க்கால ஏற்பாடு என்றுதான் ஆரம்பம். போர் முடிந்தும் அது போகவில்லை. 1947 மார்ச் 25-இல் தனிச் சட்டமாகவே அமலுக்கு வந்தது. பவுண்டைச் சார்ந்த ஸ்டெர்லிங் வட்டத்து நாடுகளோடு முதலில் கெடுபிடி குறைவு. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரம் வாங்கி வாங்கி, 1957-இல் கையிருப்பு கரைந்தபோது கயிற்றை இறுக்கிவிட்டார்கள். சுற்றிப் பார்க்க வெளிநாடு போகிறேன் என்றால் ஒரு பைசா செலாவணி கிடையாது என்ற நிலை.

இதில் டிக்கெட் எங்கே மாட்டியது? நாகப்பட்டினத்தில் ஒருவர் ரூபாயைக் கொடுத்துப் பினாங்குக்குக் கப்பல் டிக்கெட் வாங்குகிறார் என்று வையுங்கள். கப்பல் கம்பெனி வெள்ளைக்காரனுடையது. இங்கே வசூலித்த ரூபாயை அவன் பவுண்டாக மாற்றி லண்டனுக்கு அனுப்பக் கேட்பான். ஆக, நாகப்பட்டினத்தில் விற்ற ஒவ்வொரு டிக்கெட்டும் ரிசர்வ் வங்கியின் பெட்டியிலிருந்து வெளியே போகும் பவுண்டு. அதனால் டிக்கெட் கொடுப்பதற்கு முன்னால் ரிசர்வ் வங்கியைக் கேள் என்றார்கள். அப்படிக் கேட்கும் தாளுக்குப் பெயர் ‘பி பாரம்’. பாரத்தில் முத்திரை விழாமல் கப்பல் கம்பெனியோ விமானக் கம்பெனியோ டிக்கெட் எழுதாது. காரணம் நியாயமானதுதான். அரிசிக்கும் கோதுமைக்கும் வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாடு அது. ஒவ்வொரு பவுண்டையும் எண்ணிச் செலவழித்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் எண்ணியவர்கள் வரவை எங்கே பார்த்தார்கள்? திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் பதப்படுத்திய மாட்டுத்தோல் ‘கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. திண்டுக்கல் சுருட்டு, ஸ்பென்சர் கம்பெனியின் பெட்டியில் கடல் தாண்டியது. சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை இறங்கித் தோலை மிதித்தவர்களின் பாதங்கள் வெடித்துக் கிடந்ததைச் சின்ன வயதில் பேகம்பூர்த் தெருவில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஹவுலில் அவர்கள் கால் கழுவும்போது தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிகிறது என்பார்கள். பவுண்டைச் சம்பாதித்தது அந்தக் கால்கள். அந்தப் பவுண்டில் ஒரு ஷில்லிங்குகூட அவர்கள் பயணத்துக்கு ஒதுங்கியதில்லை.

எங்கள் மாமு ஒருவருக்கு அண்ணன் பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாமுவும் போக ஆசைப்பட்டார். ராஜுலா கப்பலின் டெக் டிக்கெட்டுக்கு வேண்டிய பணத்தை முழுசாகச் சேர்த்துவிட்டார். பி பாரம் போட்டார். அங்கே உங்களுக்குச் சோறு போடுவது யார், அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேள்வி வந்தது. அண்ணனிடம் கடிதம் வாங்கினார். கடிதம் போதாது, அங்கே நோட்டரியிடம் சத்தியம் செய்த பத்திரம் வேண்டும் என்றார்கள். பாரம் கிடந்தது சென்னையில், ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கியில். இங்கிருந்து ராத்திரி ரயிலேறிப் போய், காலையில் வரிசையில் நின்று, இன்னும் முடிவாகவில்லை என்ற பதிலோடு ராத்திரி ரயிலில் திரும்புவார். கடைசியில் அண்ணனே அங்குள்ள கப்பல் ஆபீசில் மலாய டாலரைக் கட்டினார். அங்கிருந்து தகவல் வந்து, இங்கே மாமு பெயருக்கு டிக்கெட் எழுதினார்கள். இந்தியாவுக்கு ஒரு பென்னி நட்டமில்லை என்பதால் பாரமும் நிறைவேறியது. மாமு சேர்த்து வைத்த ரூபாய் அவர் பெட்டியிலேயே இருந்தது. “என் காசுக்கு மதிப்பில்லையாடா?” என்று அத்தாவிடம் அவர் கேட்டதை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்நாளில் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும்கூட அரசின் இஷ்டம். 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, வெளிநாடு போவது ஒருவரின் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. பி பாரம் மட்டும் அப்படியே நின்றது. போகலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், எந்தப் பணத்தில் போகிறாய் என்ற கேள்வி நின்றது. எட்டு டாலரோடு அமெரிக்காவில் போய் இறங்கிய கதையை அந்தத் தலைமுறைப் படிப்பாளிகள் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்காவது அங்கே ஒரு பல்கலைக்கழகம் காத்திருந்தது.

இனி வெளிநாட்டார் விஷயம். திண்டுக்கல் சமவெளிக்கு வெள்ளைக்காரர்கள் புதிதல்ல. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லாம் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கித்தான் மலையேறினார்கள். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தைப் பார்க்க அம்பாத்துரையில் இறங்கியவர்களும் உண்டு. எழுபதுகளில் முதுகில் பையோடு ஒரு புதுக் கூட்டம் வந்தது. கொடைக்கானலில் சில வாரம் தங்கிவிட்டு, ராமேசுவரம் போய் இலங்கைக்குக் கப்பலேறும் கூட்டம்.

இவர்களுக்கு அன்று விதி வேறு. வெளிநாட்டார் இங்கே வெளிநாட்டு விமான டிக்கெட் வாங்கினால் டாலராகவோ பவுண்டாகவோ கட்ட வேண்டும். ரூபாயில் கட்டுகிறேன் என்றால், அந்த ரூபாய் வங்கியில் முறையாக மாற்றியது என்பதற்கு என்கேஷ்மென்ட் சர்டிபிகேட் காட்ட வேண்டும். அந்தச் சான்றை நான் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். வங்கிப் பெயர் அச்சிட்ட, வரிசை எண் போட்ட தாள். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், கொடுத்தது நோட்டா டிராவலர்ஸ் செக்கா, எத்தனை டாலர், அன்றைய விலை என்ன, கைக்குப் போன ரூபாய் எவ்வளவு என்று எண்ணிலும் எழுத்திலும் கார்பன் வைத்து எழுதி, இரண்டு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. அதன் முதுகுப்பக்கம்தான் எனக்குப் பிடித்த இடம். டிக்கெட் வாங்கும் ஆபீசில் அங்கே தேதி போட்டு, இத்தனை ரூபாய் இதிலிருந்து டிக்கெட்டுக்குக் கழிந்தது என்று எழுதி முத்திரை குத்துவார்கள். ஒரே சான்றின் முதுகில் வெவ்வேறு ஊர் முத்திரைகள் விழுந்திருக்கும். அதைப் பார்த்தே அந்த ஆள் இந்தியாவில் எங்கெல்லாம் போனார் என்று சொல்லிவிடலாம். ஊர் திரும்பும்போது மிச்ச ரூபாயை மறுபடி டாலராக்கவும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

கள்ளச்சந்தையில் டாலரை விற்றவரிடம் இந்தத் தாள் இருக்காது. வங்கி விலையைவிடக் கூடுதலாக ரூபாய் கிடைத்த சந்தோஷம் டிக்கெட் ஆபீஸ் வாசலோடு முடிந்துவிடும். விதியின் நோக்கமே அதுதான்: வந்தவரின் டாலர் தெருவில் கைமாறாமல் நாட்டின் கணக்குக்கு வர வேண்டும். நோக்கம் நிறைவேறியது என்றே சொல்வேன். அடம்பிடித்த வெளிநாட்டு இளைஞர்கள்கூட மறுநாள் ஒரு டிராவலர்ஸ் செக்கோடு வந்து நிற்பார்கள். இந்திய ரயிலில் வெளிநாட்டாருக்கென்று விற்ற இண்டிரெயில் பாஸ்கூட டாலர் கணக்கில்தான் விலை போனது. 2017-இல்தான் அதை நிறுத்தினார்கள்.

அந்த விதியை எழுதியவர் மனதில் இருந்த வெளிநாட்டாரிடம் டாலர் இருந்தது. எங்கள் சமவெளியோடு அதிகம் சம்பந்தப்பட்ட வெளிநாட்டாரிடம் அது இல்லை.

1948-இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தலைமுறையாகத் தோட்டத்தில் கொழுந்து பறித்த தமிழர், இருந்த இடத்தை விட்டு ஓரடி நகராமலே வெளிநாட்டார் ஆனார்கள். 1950-இல் இலங்கைக்குத் தனி மத்திய வங்கி. 1953-இல் தனிச் செலாவணிச் சட்டம். நத்தத்தில் இருக்கும் கிழவிக்கு ஹட்டனில் இருக்கும் மகன் அனுப்பிய மணியார்டருக்கு வரம்பு வந்தது, அதுவும் சுருங்கிக்கொண்டே போனது. ஊருக்கு வந்துபோகவும் அனுமதி, பணத்துக்கும் அனுமதி. வேறு வழி இல்லாமல் உண்டியல் தழைத்தது. ஹட்டனில் ஒரு கடையில் இலங்கை ரூபாயைக் கொடுத்தால், திண்டுக்கல்லில் ஒரு கடையில் இந்திய ரூபாயை எண்ணிக் கொடுப்பார்கள். நோட்டு எதுவும் கடல் தாண்டாது, ஒரு கடிதம் மட்டும் தாண்டும். சட்டப்படி குற்றம்தான். தாய்க்கு மருந்துச் செலவு அனுப்பிய மகனைக் குற்றவாளி ஆக்கியதும் அதே சட்டம்தான்.

இரண்டு ரூபாயும் 1966 வரை சமமாக இருந்தன. அந்த ஆண்டு ஜூன் 6-இல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. ஒரே நாளில் இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் ஒன்றரைக்கு மேல் கணக்காயிற்று. மறு ஆண்டு நவம்பரில் இலங்கையும் தன் பணத்தை 5.95-க்கு இறக்கியது. வேலை நடந்த அதே தோட்டத்தில், பெற்ற அதே கூலிக்கு, ஊரில் இருக்கும் மதிப்பு இப்படி ஏறி இறங்கியது.

இதற்கு முன்பே, 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒப்பந்தம். அதில் பணத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது. போகிற குடும்பம் சேமநல நிதி, பணிக்கொடை உட்படத் தன் சொத்தை எடுத்துப் போகலாம். எடுத்துப்போக அனுமதிக்கும் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் பாதுகாப்பு. ஒரு குடும்பம் தன் ஆயுளின் உழைப்பை எடுத்துக்கொண்டு போக உச்ச வரம்பு போடுவதை இரண்டு அரசுகளும் சரி என்று ஏற்றுக்கொண்டன என்பதும் அதில்தான் இருக்கிறது. அதே ஆண்டில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். மே 17-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று நே வின் அரசு அறிவித்துவிட்டது. ரங்கூன் துறையில் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்ததையே கழற்றி வாங்கிக்கொண்டு கப்பலேற்றினார்கள்.

தலைமன்னாரில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, அங்கிருந்து திசைக்கொன்றாய்ப் பிரித்து அனுப்பிய குடும்பங்களில் பல எங்கள் பக்கத்துக்கும் வந்தன. நூற்பாலைகளில் சேர்ந்தார்கள், கொடைக்கானல் மலைக்கு ஏறினார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கி கடன் கொடுத்தது. அப்படி வந்த ஒரு அம்மா எங்கள் கவுண்ட்டருக்கு ஒரு நாள் வந்தார். சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த இலங்கை நோட்டுகளை அவிழ்த்து, மடிப்பை விரல் நகத்தால் நீவி நீவி என் முன்னால் வைத்தார். “மாத்தித் தாங்கய்யா. தம்பி அங்கனயே நின்டுட்டான். ஒருக்கா போய்ப் பாத்துட்டு வர டிக்கட்டு எடுக்கணும்.” எனக்குப் பின்னால் சுவரில் அன்றைய விலைப் பலகை. டாலர், பவுண்டு, மார்க், பிராங்க், யென். இலங்கை ரூபாய் அதில் இல்லை. நாங்கள் வாங்கவும் கூடாது. முன்னால் நின்ற வெளிநாட்டுக்காரருக்கு நாற்காலி போட்டு, சான்று எழுதிக் கொடுத்து அனுப்பி சில நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் பாரம் இல்லை. நோட்டுகளை மறுபடி முந்தியில் முடிந்துகொண்டு போனார்.

இலங்கையில் 1983-இல் மூண்ட கலவரத்துக்குப் பிறகு 1984-இல் ராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் நின்றது. வந்தவர்கள் இப்போது அகதிகளாகப் படகில் வந்தார்கள். திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டியில் முகாம்கள் எழுந்தன.

அதற்குள் பணத்தின் கதை வேறு பக்கம் திரும்பியது. 1991-இல் தங்கத்தை லண்டனில் அடகு வைக்கும் அளவுக்கு முட்டிக்கொண்ட நாடு, 1994-இல் பயணம், படிப்பு போன்ற செலவுகளுக்கு ரூபாயை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. 2000 ஜூனில் பழைய செலாவணிச் சட்டமே போய், பெமா என்ற புதுச் சட்டம் வந்தது. இன்று திண்டுக்கல் கடைவீதியில் ஒரு டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து, கொழும்பு என்ன, கோலாலம்பூர் என்ன, ரூபாயிலேயே டிக்கெட் போடலாம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். எங்கள் மாமு இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

தோட்டனூத்து அகதிகளுக்கு 2022 செப்டம்பரில் 321 புது வீடுகளைக் கட்டி முதலமைச்சர் திறந்து வைத்தார். நல்ல வீடுகள், மறுக்க முடியாது. அங்கே இருக்கும் பையன்கள் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், பெண்கள் மில்லுக்குப் போகிறார்கள். திண்டுக்கல்லிலேயே பிறந்து, திண்டுக்கல் பேச்சே பேசுகிறார்கள். கொழும்புக்கு ஒரு விமான டிக்கெட்டின் விலையைச் சில மாதத்துக் கூலியில் அவர்களால் சேர்த்துவிட முடியும். ஆனால் பாஸ்போர்ட் இல்லை, வெளியேற அனுமதி வேண்டும், போனால் திரும்பி வருவதற்கு உறுதி இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியபோது, அதிலேறிச் சொந்த மண்ணைப் பார்த்து வரலாம் என்று ஆசைப்பட்டவர்களுக்கும் இதே பதில்தான். 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே அடிப்படையில் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. அந்த வயதுக்காரர்கள் முகாமில் இருந்தால் பிறப்புச் சான்றைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் பிறந்த ஊர் ஆஸ்பத்திரிப் பதிவைக் கேளுங்கள். வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை தோட்டனூத்துக்குப் போய் அந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுங்கள். எனக்கு வயதாகிவிட்டது; பாரம் எழுதும் கை இன்னும் ஆடவில்லை. நானும் வருகிறேன்.